குனிந்து பார்க்கிறவன்

என்னை ஊரில் அரைச்சாமி என்பார்கள். குருமடத்தில் ஆறு வருடம் இருந்துவிட்டு, அங்கியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு மாம்புரிக்குத் திரும்பி வந்தவனுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? முழுச்சாமி ஆகியிருந்தால் கையை முத்தமிட்டிருப்பார்கள். அரைச்சாமி என்றபடியால் பிள்ளைகளுக்கு இங்கிலிஷ் சொல்லிக்கொடுக்கவும், புருசன் பெண்சாதி சண்டையில் விலக்குப் பிடிக்கவும் கூப்பிடுகிறார்கள். அமல்ராஜ் என்று எனக்கு ஒரு பெயர் இருப்பது எனக்கே சிலவேளை மறந்துபோகிறது.

குருமடத்தில் நான் உருப்படியாகப் படித்தது கிரேக்கம் ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டு கற்பிட்டிக் கரையில் என்ன செய்யலாம்? மறைமாவட்டப் பத்திரிகையில் மாதம் ஒரு சொல் எழுதுகிறேன். வேதாகமத்துக் கிரேக்கத்தில் ஒரு வினைச்சொல், அதன் பொருள், அது எந்தெந்த வடிவத்தில் வருகிறது, அவ்வளவுதான். எத்தனை பேர் வாசிக்கிறார்கள் என்று கேட்டு என்னை வதைக்கவேண்டாம். இந்த உயிர்ப்புத் திருநாள் இதழுக்கு நான் எடுத்த சொல் 'பராகுப்தோ'.

அது இரண்டு சொல் சேர்ந்த வினை. 'பரா' என்றால் பக்கத்தில். 'குப்தோ' என்றால் குனிகிறேன். ஒன்றின் ஓரத்தில் நின்று, முதுகை வளைத்து, தலையை நீட்டி உள்ளே பார்ப்பது. யேசுவை வைத்த கல்லறையின் வாசல் பதிவானது, நிமிர்ந்து நின்றால் உள்ளே இருப்பது தெரியாது. ஓடிவந்த சீடன் குனிந்து பார்த்தான், உடல் இல்லாமல் துணிகள் மட்டும் கிடந்ததைக் கண்டான், ஆனால் உள்ளே போகவில்லை என்று யோவான் எழுதுகிறார். பிறகு அந்த உடலைத் தேடிவந்த மரியா அழுதபடியே குனிந்து பார்த்தாள். அங்கேயும் இதே வினைதான். தமிழில் இதற்கு ஒரே சொல் தேடித் தேடி எனக்கு மண்டை காய்ந்துபோயிற்று.

இதைத் துறையடித் தேத்தண்ணிக் கடையில் வைத்து றஊபுக்கு விளங்கப்படுத்தப் போனது என் புத்திகெட்ட வேலை. றஊப் மீன் ஏற்றும் லொறிக்காரன். தொண்ணூறில் முஸ்லிம் சனத்தை மன்னாரிலிருந்து விரட்டினபோது கைப்பிள்ளையாக வந்தவன், இப்போது தில்லையடியில் வீடு வாசலோடு இருக்கிறான்.

"என்ன சொன்ன? பராக்குத்தோவா?" என்றான். "அட மச்சான், பராக்குப் பாக்குறது எண்டு சொல்லன். இதைப் படிக்கவா ஆறு வருசம் போன?"

கடையே சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லையடா மடையா. அது வேற பாசை, இது வேற பாசை."

"கோவிக்காத. நாங்களும் பராக்குப் பாத்துத்தான் கிரேக்கம் படிச்சம்."

மற்றவர்கள் எழும்பிப் போகும்வரைக்கும் பகிடி விட்டுக்கொண்டிருந்தான். பிறகு அவன் முகம் மாறிவிட்டது. கதிரையை எனக்குக் கிட்ட இழுத்துப் போட்டான்.

"சிரிக்காமக் கேளு. போன கிழமை மீன் கேட்டு உன்ட தங்கச்சி வீட்டுப் பக்கம் போனன். குசினி வாசல்ல ஒரு நெட்டை மனிசன் குனிஞ்சு உள்ளுக்குப் பாத்துக்கிட்டு நிண்டார். நீ எண்டு நினைச்சு, அமலு எண்டு கூப்பிட்டன். திரும்பல்ல. கிட்டப் போனா ஆளில்ல. மணல்ல கால் அடையாளமும் இல்ல. வல்லாஹி, பொய் சொல்றல்ல."

"நான் நெட்டையா?" என்று கேட்டேன். நான் எழும்பி நின்றால் றஊபின் தோளுக்குத்தான் வருவேன்.

"அதைத்தான் நானும் சொல்றன்" என்றான் றஊப்.

எங்கள் ஊரில் அந்த உயரத்துக்கு ஒரே ஒருவன்தான் இருந்தான். என் தங்கச்சி டெனிஷாவின் புருசன் றொபி. போன வருடம், உயிர்ப்புத் திருநாள் முடிந்த கிழமையில், முதல்நாள் விட்ட வலையைத் தூக்கத் தனியாகப் போனான். தனியாகப் போகாதே என்று எத்தனை பேர் சொல்லியிருப்போம். கடல் அன்றைக்கு எண்ணெய் ஊற்றினமாதிரிக் கிடந்தது. மத்தியானத்துக்குப் பிறகு திடீரென்று காற்றும் மழையும் சேர்ந்து வந்தது. மற்றவர்கள் எல்லாரும் கரை சேர்ந்தார்கள். அவனுடைய போட் மறுநாள் பத்தலங்குண்டுத் தீவுக்கு வெளியே மிதந்தது, வலையில் பாதி போட்டுக்குள், பாதி தண்ணீருக்குள். அவன் இல்லை. எங்கள் ஆட்கள் போட்டுகளில் எண்ணெய் முடியுமட்டும் தேடினார்கள். ஒரு செருப்புக்கூடக் கிடைக்கவில்லை.

கடல் கொண்டுபோனவனுக்கு எங்கள் பக்கத்தில் ஒரு முறை இருக்கிறது. உடுப்பு அடக்கம் என்று சொல்வோம். ஒரு வருடம் பார்ப்போம். ஆள் வராவிட்டால் அவன் உடுத்த சேட்டையும் சாறத்தையும் ஒரு பெட்டியில் வைத்துச் சேமக்காலைக்குக் கொண்டுபோய், மூடாமலே குழிக்குள் இறக்குவோம். பெண்சாதி முதலில் குழியோரம் நின்று குனிந்து பார்க்கவேண்டும், பிறகு தாய். அதற்குப் பிறகுதான் மூடி, மண். செத்தவனின் முகத்தை நாங்கள் ஒருவரும் பார்க்கவில்லைத்தானே, அதனால் குழியையாவது பார்த்து அவனை அனுப்பவேண்டும். இது எந்தப் பூசைப் புத்தகத்திலும் இல்லை. பாதர்மார் தெரியாததுபோல் வந்து, செபம் சொல்லி, தீர்த்தம் தெளித்துவிட்டுப் போவார்கள். நாங்கள் குனிந்து பார்க்காவிட்டால் அவன் குனிந்து பார்ப்பான் என்பது ஊர்ப்பேச்சு. குழி மூடப்படாதவன் வீடு வீடாக வாசலில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டு திரிவானாம்.

நான் இந்தக் கதையை ஒருநாளும் நம்பினதில்லை. இப்போது நம்புகிறேனா என்று கேட்டால் பேச்சை மாற்றுவேன்.

றொபியின் வருடம் கிட்டிவிட்டது. அவனுடைய தாய் யூஜீனியா மாமி சனிக்கிழமை என்று நாள் குறித்து, பாதருக்கும் சொல்லி, குழி வெட்டப் பேதுருவையும் பிடித்துவிட்டாள். டெனிஷா மட்டும் மாட்டேன் என்று நின்றாள். வரமாட்டேன், வந்தாலும் குனியமாட்டேன் என்றாள். பெண்சாதி பார்க்காமல் குழியை மூடினால் அடக்கம் அடக்கமாகாது. மாமி எனக்கு ஆள் அனுப்பினாள். "சாமிப் படிப்புப் படிச்சவன்தானே, தங்கச்சிக்குப் புத்தி சொல்லட்டும்" என்றாளாம்.

றஊப் சொன்ன கதை நெஞ்சில் கிடந்து குடைய, அன்றைக்குப் பின்னேரமே போனேன். டெனிஷாவின் கல்வீடு கூரையில்லாமல் நிற்கிறது. றொபி கட்டத் தொடங்கி விட்டுப்போனது. அவள் அதற்குப் பக்கத்துத் தென்னோலைக் கிடுகுக் குடிலில்தான் இருக்கிறாள். குசினி வாசல் என் உயரத்துக்கே பதிவு. றொபி மடிந்து மடிந்துதான் உள்ளே போவான். அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நான் சுற்றிவளைக்காமல் றஊப் கண்டதைச் சொன்னேன்.

அவள் திடுக்கிடவில்லை. "றஊப் அண்ணாவும் கண்டாரா?" என்றாள், ஏதோ ஊரிலிருந்து வந்த ஆளைப்பற்றிக் கேட்பதுபோல.

"சேசு மரி சூசை! அப்ப உனக்குத் தெரியுமா?"

"கத்தாதீங்க அண்ணா. வெயில் சாயிற நேரம் வாறவர். குசினி இருட்டாகும். நிமிந்து பாத்தா, தலை மட்டும் உள்ளுக்கு, கை ரண்டும் நிலையில. பின்னுக்கு வெளிச்சம், முகம் தெரியாது. கொஞ்ச நேரம் பாத்திட்டுப் போயிடுவார்."

"உள்ளுக்கு வாறதில்லையா?"

"கூப்பிட்டுப் பாத்திட்டன். வாறாரில்ல."

குனிந்து பார்த்தான், உள்ளே போகவில்லை. காலையில்தான் அந்த வசனத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு வந்திருந்தேன்.

"அப்ப அவர் செத்திட்டார் எண்டு உனக்குத் தெரியும்" என்றேன்.

"தெரியாம என்ன? நான் விசரியா?" துருவலை ஒரு பக்கம் வைத்தாள். "ஊர் சொல்றது சரிதான் அண்ணா. நான் குனிஞ்சு பாக்கேல்ல, அதால அவர் குனிஞ்சு பாக்கிறார். சனிக்கிழமை நான் பாத்தா, பிறகு அவர் வரமாட்டார். எனக்கு மிஞ்சினது இவ்வளவுதான். அதையும் மண் போட்டு மூடச் சொல்றீங்களா?"

இதற்கு எந்தக் குருமடத்தில் பதில் சொல்லித் தருகிறார்கள்? பதில் தெரியாதபோது மனுசன் தனக்குத் தெரிந்ததைப் பேசுவான். நான் கிரேக்கம் பேசினேன்.

"இஞ்ச பார் தங்கச்சி. புதிய ஏற்பாட்டில இந்த வினை அஞ்சு இடத்தில வருது. பராகுப்ஸாஸ், குனிஞ்சு பாத்து. பரேகுப்ஸென், குனிஞ்சு பாத்தாள். பராகுப்ஸாய், குனிஞ்சு பாக்க. வடிவம் வேற வேற எண்டாலும் எல்லாம் ஒரே வகை. ஒருதரம் செய்து முடிக்கிற வேலைக்குச் சொல்ற வகை. ஒருத்தரும் நாளும் பொழுதும் குனிஞ்சு பாத்துக்கொண்டு நிக்கிறதில்ல. குனி, பார், நிமிர். அவ்வளவுதான். மரியாவும் ஒருக்காத்தான் குனிஞ்சவ."

"மரியா திரும்பிப் பாக்க யேசு உயிரோட பின்னால நிண்டார்" என்றாள் டெனிஷா. "எனக்கு ஆர் நிப்பினம்?"

அவள் ஒதுக்கிவைத்த துருவலை ஈ விழாமல் மூடிவைத்தேன்.

"பழைய ஏற்பாட்டில இந்தச் சொல் இல்லையா?" என்று அவளே கேட்டாள்.

"அது எபிரேயத்தில எழுதினது."

"அதைக் கிரேக்கத்துக்கு மாத்தினவங்கள் எண்டு நீங்கதானே பேப்பரில எழுதினீங்க."

என் கட்டுரையை வாசிக்கிற ஒரு சீவன் என் தங்கச்சி என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. சந்தோசப்படவா முடிந்தது? பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் இந்த ஒரு விசயத்தில் எனக்குப் பொய் வராது. அந்தப் பழைய மொழிபெயர்ப்பில், காதல் பாட்டு ஒன்றில், ஒருவன் வந்து அவளுடைய வீட்டுச் சுவருக்குப் பின்னால் நிற்கிறான், சன்னலுக்குள்ளால் பார்க்கிறான் என்று சொன்னேன். "அங்க பராகுப்தோன் எண்டு வரும். பாத்துக்கொண்டே நிக்கிறவன் எண்டு அர்த்தம். அது முடியாத வடிவம். அடுத்த வரியில வலைக்குள்ளால எட்டிப் பாக்கிறான் எண்டிருக்கு."

"வலைக்குள்ளாலயா?"

"சன்னல் பின்னலைச் சொல்றாங்கள். ஆனா மீன் வலைக்கும் அவங்களுக்கு அந்தச் சொல்தான்."

ஒரு வருடமாகச் சிரிக்காதவள் சிரித்தாள். "அப்ப அவரைப்பத்தி எழுதித்தான் இருக்கு" என்றாள். பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காய் முடிந்தது என்பார்களே, அதுதான் நடந்தது. என் வாயில் கொள்ளிக்கட்டையை வைக்க.

திரும்பி வரும் வழியில்தான் மாமியின் வீடு. அவள் சன்னலடியில் நின்றாள். அந்தச் சன்னலால் பார்த்தால் போட்டுகள் கரையேறுகிற இடம் தெரியும். அவள் என்னைக் காணவில்லை. எனக்கு வேறொரு தாயின் நினைவு வந்தது. வேதாகமத்தில், நீதிபதிகள் காலத்துக் கதை. சண்டைக்குப் போன மகன் இன்னும் வரவில்லையே, தேர் ஏன் இவ்வளவு சுணங்குகிறது என்று சன்னலால் பார்த்துக்கொண்டு நின்ற ஒரு தாய். மகன் அப்போதே செத்துக் கிடக்கிறான், அவளுக்குத்தான் தெரியாது. கிரேக்கப் பிரதிகள் சிலவற்றில் அவளுக்கும் இதே வினையைத்தான் போட்டிருக்கிறார்கள். அதை நான் பத்திரிகைக்கு எழுதவில்லை. மனம் வரவில்லை.

மறுநாள் பின்னேரம் மாமி என் வீட்டு முற்றத்தில் வந்து நின்று கத்தினாள். கருவாடு போடுகிற பெண்களை அதட்டி வேலை வாங்கி ஊறின குரல் அது.

"என்ன அரைச்சாமி! புத்தி சொல்ல அனுப்பினா, என்ட மருமகளுக்குக் காதல் பாட்டுப் படிச்சுக் காட்டினியாமே?"

"மாமி, நான் சொல்ல வந்தது..."

"உன்ட கண்டறியாத கிரேக்கத்தைக் கொண்டுபோய்க் கடல்ல போடு. வா என்னோட. அவன் வாறான் எண்டு சொல்றாளாம். நானும் பாக்கவேணும்."

என் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனாள். டெனிஷா எங்களைக் கண்டதும் தேத்தண்ணி வைத்தாள். மாமி குசினிக்குள் பலகையைப் போட்டு வாசலுக்கு நேரே உட்கார்ந்தாள். நான் அடுப்படியில் ஒதுங்கினேன். மூன்று பேரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம். வெளியே மணல் வெயிலில் பளபளவென்று கிடந்தது. தேத்தண்ணி ஆறிப்போயிற்று. ஒருவரும் தொடவில்லை. இந்தப் பைத்தியக்காரக் கூத்துக்கு நானும் ஒரு ஆளா என்று எனக்கு எரிச்சல் வந்துகொண்டிருந்தது.

அப்போது குசினி இருட்டாயிற்று.

முகில் மறைத்தால் வெளிச்சம் எல்லா இடத்திலும் குறையும். இது அப்படியில்லை. வெளியே மணல் அதே பளபளப்போடு கிடந்தது, குசினி நிலம் மட்டும் கறுத்தது. கிடுகுச் சுவர் ஒருதரம் நெரிபட்டுக் கிறீச்சிட்டது, ஆரோ நிலையில் கை ஊன்றினமாதிரி. நான் உருவம் எதையும் காணவில்லை. ஆனால் வாசலில் ஆள் நின்றது. கண்ணை மூடிக்கொண்டு இருந்தாலும் பக்கத்தில் ஆள் நின்றால் தெரியுமே, அப்படித் தெரிந்தது. டெனிஷாவைப் பார்த்தேன். அவள் முகத்தைத் தூக்கி, வாசலில் உயரமாக ஒரு இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கலியாணத்தன்று அவள் பார்த்த பார்வை அது.

மாமி அவளையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தாள். "எங்க? எங்க பிள்ளை? எனக்கு ஒண்டும் தெரியேல்லையே!"

டெனிஷா மெல்லக் கையை நீட்டிக் காட்டினாள். மாமி எழும்பி, இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு வாசலடிக்குப் போனாள். "மகன், அம்மா இஞ்ச இருக்கிறன். றொபி! அம்மாடா!"

வெளிச்சம் திரும்பி வந்தது. மாமியின் நீட்டின கையில் வெயில் மட்டும் விழுந்தது.

அவள் அழவில்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்தாள். ஊரையே நடுங்கவைக்கிற குரல் எங்கே போனதோ, மெதுவாகத்தான் பேசினாள்.

"ஒரு வருசமா நான் கதவு பூட்டினதில்ல. உங்க ரண்டு பேருக்கும் தெரியாது. நாய் வரும், ஆடு வரும், கள்ளன்கூட வந்தான் ஒருநாள். அவன் வரேல்ல. பத்து மாசம் சுமந்தவளை எட்டிப் பாக்க அவனுக்கு மனமில்ல. உன்னட்ட வாறான். வரட்டும், நீ பெண்சாதி, நான் பொறாமைப்படேல்ல." கொஞ்சம் நிறுத்தினாள். "இல்ல, பொய். பொறாமைதான். எனக்கு அவன் சாகவும் இல்ல, இருக்கவும் இல்ல. உனக்கெண்டா வாசல்ல வந்து நிக்கிறான். நான் எங்க போய் நிண்டு அழுறது? எனக்கு ஒரு குழியாவது தா பிள்ளை."

டெனிஷா ஆறின தேத்தண்ணிகளை எடுத்து வெளியே ஊற்றினாள். கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். பிறகு வந்து மாமிக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள்.

"சனிக்கிழமை நான் வாறன் மாமி" என்றாள். "வந்து பாக்கிறன்."

அவள் எதைக் கொடுக்கிறாள் என்று மாமிக்கு முழுதாக விளங்கியிருக்காது. எனக்கு விளங்கியது. வேண்டாமென்று சொல்ல வாய் உன்னியது. முதல்நாள் குனி குனி என்று கிரேக்கத்தில் பிரசங்கம் வைத்த வாய்தான். ஆனால் ஆருடைய பக்கம் நின்று பேசுவது? ஒருத்தி என் தங்கச்சி, மற்றவள் அவனைப் பெற்ற தாய். எழும்பி வந்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை ஊர் முழுக்கச் சேமக்காலையில் நின்றது. எங்கள் சேமக்காலை கடலுக்குக் கிட்ட, எல்லாம் மணல். பேதுரு வெட்ட வெட்டப் பக்கம் சரிந்ததால் பலகை வைத்து அடைத்திருந்தான். றஊபும் வந்து தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு மதிலோரம் நின்றான். பாதர் சுருக்கமாகச் செபித்தார். பெட்டியை மூடாமல் இறக்கினார்கள். உள்ளே நீலக் கட்டச் சேட்டும், மடித்த சாறமும். பெட்டி சின்னது. அவ்வளவு நெட்டையனுக்கு அந்தப் பெட்டியைப் பார்க்க எனக்கு அடக்கமுடியாமல் அழுகை வந்தது. அழுதேன். வெட்கப்படவில்லை.

டெனிஷா முன்னுக்கு வந்தாள். நிமிர்ந்து, கடலை ஒருதரம் பார்த்தாள். பிறகு குழியோரம் முழங்காலில் நின்று, கை இரண்டையும் பலகையில் ஊன்றி, குனிந்தாள்.

இந்த வினையை நான் எவ்வளவு நாளாகப் பிய்த்துப் பிய்த்துப் பார்த்திருப்பேன். வேர் எது, ஒட்டு எது, எந்தக் காலம், எந்த வடிவம். ஒரு மனுசி அதைச் செய்வதை அன்றைக்குத்தான் கண்டேன். குனிந்தவள் நிமிரவேயில்லை. பாதர் என்னைப் பார்த்தார், நான் தலையசைத்து மறுத்தேன், விடுங்கள் என்று. காற்றில் மணல் அவள் தலைமுக்காட்டில் விழுந்துகொண்டிருந்தது.

கடைசியில் நிமிர்ந்தாள். கண் காய்ந்து கிடந்தது. எழும்பி மாமியிடம் போய், எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள்.

"மாமி, அவர் உங்களைக் கேட்டவர்."

மாமியின் வாய் திறந்தது. "என்னையா? என்ன கேட்டவன்?"

"அம்மா சாப்பிட்டாவா எண்டு கேட்டவர்."

மாமியின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அதை எழுத எனக்குத் தெரியாது. ஒரு வருடச் சத்தம் அது. ஓடிப்போய்க் குழியோரம் விழுந்து, பாதி உடம்பு உள்ளே தொங்கக் குனிந்தாள். பேதுரு பாய்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டான்.

"சாப்பிட்டன் மகன்! அம்மா சாப்பிட்டன்! நீ யோசிக்காத ராசா, அம்மா நல்லாச் சாப்பிட்டன்." மூச்சு வாங்கியது. "நீ போயிட்டு..."

போயிட்டு வா என்று சொல்ல வந்தவள் பாதியில் நிறுத்தினாள். போகிறவர்களை நாங்கள் அப்படித்தானே அனுப்புவோம், வாய்க்கு அதுதான் பழக்கம். மாமி உதட்டைக் கடித்தாள். பிறகு குழிக்குள் பார்த்து, தெளிவாக, "போ மகன்" என்றாள்.

மூடியை இறக்கினார்கள். முதல் பிடி மண்ணை மாமியே போட்டாள்.

சேமக்காலையிலிருந்து திரும்பும்போது நானும் டெனிஷாவும் எல்லாருக்கும் பின்னால் நடந்தோம். மாமி முன்னால், பெண்கள் தாங்கிப் பிடிக்க, வாய்விட்டு அழுதபடி போய்க்கொண்டிருந்தாள். நல்லது, அழட்டும் என்று எல்லாரும் சொன்னார்கள்.

"உண்மையாவே கேட்டவரா?" என்று நான் மெல்லக் கேட்டேன்.

"ஒரு சேட்டும் சாறமும் கிடந்தது அண்ணா" என்றாள்.

மாமி அன்றைக்கு இரவு இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டாளாம். அடுத்த நாளிலிருந்து கருவாட்டுப் பெண்களை ஏசத் தொடங்கிவிட்டாள். சன்னலடியில் அவளைக் காணவில்லை. சேமக்காலைக்குப் போகிறாள், பூ வைக்கிறாள், அழுதுவிட்டு வருகிறாள். ஊர் நிம்மதியாயிற்று. டெனிஷாவைப்பற்றி ஒருவரும் கேட்கவில்லை, கேட்க ஒன்றும் இல்லை என்று நினைத்தார்கள்.

இரண்டு கிழமை கழித்து, வெயில் சாய்கிற நேரம், நான் அவளைப் பார்க்கப் போனேன். மாமி கொடுத்தனுப்பின கருவாடு கையில் இருந்தது. முற்றத்தில் அவள் இல்லை. குசினிக்குள் தேங்காய் துருவுகிற சத்தம் கேட்டது. கூப்பிட்டிருக்கலாம். ஏன் கூப்பிடவில்லையோ தெரியாது. நேரே போய், நிலையைப் பிடித்துக்கொண்டு, உள்ளே பார்க்கக் குனிந்தேன். என் உடம்பு வாசலை அடைத்ததில் குசினி இருட்டாயிற்று.

துருவுகிற சத்தம் நின்றது. அவள் முகத்தைத் தூக்கினாள். அந்த முகத்தை நான் ஏற்கெனவே ஒருதரம், மாமியோடு இங்கே இருந்த அன்றைக்கு, கண்டிருக்கிறேன். மற்றவன் பார்க்கக்கூடாத முகம் அது. என் பின்னால் வெளிச்சம் நின்றதால் அவளுக்கு ஆள் தெரிய ஒரு கணம் எடுத்தது.

"நான்தான் தங்கச்சி" என்றேன்.

"தெரியுது அண்ணா" என்றாள் டெனிஷா. "உள்ளுக்கு வாங்க."